முப்பத்து நாலு

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரு நாள் பேச்சுவாக்கில், "பரீட்சைப் பேப்பரில் 34 என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினவன் எவனும் இல்லை, ஸார்" என்றார்.

"33 போட்டால்?" என்று கேட்டேன்.

"அப்போது தூக்கம் வரும்" என்றவர், சற்று நேரம் பேசாமலிருந்தார். எனக்கும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நூற்றுக்கு 35 வாங்கினால் பாஸ். 35 வாங்கியவனுக்குக் கணக்குத் தெரியும், 34 வாங்கியவனுக்குத் தெரியாது என்று எந்த வாத்தியாரும் சத்தியம் செய்ய மாட்டார். அடுத்த தெருவில் மத்திய வாரியப் பள்ளியில் படிக்கும் பையனுக்கோ 33 போதும். பாடமும் கேள்வியும் வேறு என்பீர்கள், வாஸ்தவம். ஆனாலும் எங்கேயோ ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அந்த எண்ணில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அந்தக் கோட்டை எட்டுகிற வழியும் எல்லா வாத்தியார்களுக்கும் தெரியும். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்விகள் 14. கடைசியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. கணக்கு வராத பிள்ளையைக் கையில் காம்பஸைக் கொடுத்து மாதக்கணக்கில் வட்டம் போடச் சொல்வது இதற்காகத்தான். மூன்றும் சேர்ந்தால் முப்பது. மீதி ஐந்துதான் பிராணனை வாங்குகிறது.

அங்கேதான் திருத்துகிறவரின் கையும் நடுங்குகிறது. கணக்கில் விடை தப்பானாலும், சரியாகப் போட்ட படிகளுக்கு மார்க் உண்டு. பாதியில் நின்ற ஒரு வரி படியா, கிறுக்கலா? முதல் தடவை கிறுக்கலாகத் தெரிந்தது, கூட்டிப் பார்த்து 34 வந்த பிறகு படியாகத் தெரிகிறது. பிள்ளையின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. இருந்தும் மனசு கேட்கவில்லை, ஒன்று போட்டுவிடுகிறார். கருணைதான், நான் மறுக்கவில்லை. துணைத் தேர்வு எழுதலாமே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். பெயிலான பெண்ணை மறுபடி படிக்க அனுப்பாத வீடுகள் இருக்கின்றன.

ஆனால் அந்தக் கட்டிலேயே இருக்கும் 33-ஐ யாரும் மறுபடி பிரிப்பதில்லை. அதிலும் பாதியில் நின்ற வரி இருந்திருக்கலாம். வாசற்படியில் நிற்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். தெருவில் நிற்கிறவன் தட்டினது நமக்குக் கேட்கவில்லை. வாரியமே எல்லோருக்கும் அறிந்தே ஒரு மார்க் கொடுத்தால் அது வேறு விஷயம். அப்போது கோடு நகர்கிறது, எல்லோருக்கும் நகர்கிறது. தனி மனிதர் மனமிரங்கிக் கொடுப்பது, இரக்கம் போய்ச் சேராதவனுக்கு அநியாயமாகிவிடுகிறதே!

இதை நண்பரிடமே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு வருஷம் 34-ஐப் பிரித்த கையோடு ஒரு 33-ஐயும் பிரித்தேன்" என்றார்.

"என்ன இருந்தது?"

"இரண்டு மார்க் இருந்தது. அதற்கப்புறம் எந்தப் பேப்பரையும் இரண்டு தடவை படிக்காமல் கூட்டினதில்லை. அதற்கு முந்தின வருஷத்துக் கட்டுகளெல்லாம் எப்போதோ எடைக்குப் போயிருக்கும், ஸார்."