குருவும் தாதியும்

கல்வி அளிப்போர் மாணவரின் உடல்நலத்திற்கும் பொறுப்பாளரோ? ஆம் என்கிறது விநயம். மாணவன் நோயுற்றால், குணமடையுமட்டும் பணிவிடை செய்தல் குருவின் கடமை.

வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை, தமக்குப் பயனில்லாதவரென்று மற்றப் பிக்குகள் கைவிட்டனர். பகவான் புத்தரோ ஆனந்தருடன் தாமே அவரைக் கழுவிக் கட்டிலிற் கிடத்தினார்.

இவ்வறத்தைக் கல்கத்தாவிலும் காண்கிறோம். பாக்பஜாரில் 1898இல் பெண்பள்ளி தொடங்கிய சகோதரி நிவேதிதை பௌத்தரல்லர். ஆயினும் 1899இல் பிளேக் பரவியபோது வீதியைக் கூட்டினார். நோயாளரைத் தொட்டுப் பேணினார்.

மந்தபுத்தியென்று நாம் ஒதுக்கும் பிள்ளையிடம் பார்வைக் குறைவையோ இரத்தச் சோகையையோ பள்ளித் தாதி கண்டறியக்கூடும். ஆகவே பள்ளிதோறும் தாதி வேண்டுமெனக் கேட்போம். ஆனால் தாதி இருப்பதால் ஆசிரியர் கடமை தீர்ந்துவிடாது. தீண்டாமையின் கொடுமையறிந்த நாம், தொட்டுப் பேணும் கரமே தம்மத்தின் கரமென்று உணர்வோமாக.