ஒரு ரன் மிச்சம்

2025 பிப்ரவரியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கிரிக்கெட் பார்க்காதவர்களுக்கு விளங்காத ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ரஞ்சிக் கோப்பையில் கேரளம் காலிறுதியைத் தாண்டிவிட்டது என்று பையன்கள் குதிக்கிறார்கள். சாயாக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கிறார்: "எடே, ஜெயிச்சாச்சா?"

"ஜெயிக்கல்ல மாமா."

"அப்போ தோத்தாச்சா?"

"தோக்கவும் இல்ல. அவங்களவிட ஒரு ரன்னு கூட. அதனால செமி."

"ஒரு ரன்னுக்கா இந்தக் கூத்து!"

பெரியவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஐந்து நாள் வெயிலில் ஆடிவிட்டு, ஒரே ஒரு ரன்னைக் காட்டி மேலே போவது என்ன கணக்கு? ஆனால் அவருடைய ஆயுளில் அவர் ஜெயித்தது எது என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார்? மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைத்தது, ரப்பர் விலை விழுந்துகிடந்த வருஷங்களிலும் தோட்டத்தை விற்காமல் வைத்திருந்தது, படுத்த படுக்கையான அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது. எல்லாம் தோற்காமல் இருந்த கதைகள். இவற்றுக்கு யாரும் வெடி போடுவதில்லை. தாக்குப்பிடிப்பதை வெற்றிக் கணக்கில் எழுதலாமா? அந்தப் பிப்ரவரி கிளப்பிவிட்ட கேள்வி இதுதான்.

ரஞ்சிக் கோப்பையின் புள்ளிக் கணக்கில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நேரடியாக ஜெயித்தால் 6 புள்ளி. இன்னிங்ஸ் வெற்றியோ 10 விக்கெட் வெற்றியோ என்றால் மேலும் 1. ஆட்டம் டிரா ஆனால், முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கு 3, பிந்தியதற்கு 1. அதாவது ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் நடுவில் இன்னொருவனுக்கும் இடம் உண்டு. அவனுக்குக் கிடைப்பது வெற்றியில் பாதி; காலிறுதி முதல் என்றால் அவன்தான் மேலே போவான்.

2024-25 பருவத்தில் கேரளம் இருந்த பிரிவில் கர்நாடகம், வங்காளம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் இருந்தன. முதல் இரண்டு இடங்களுக்குத்தான் காலிறுதி. பஞ்சாபையும் உத்தரப் பிரதேசத்தையும் தும்பாவில் ஜெயித்தது கேரளம். மற்ற ஆட்டங்களில் பாதி மூழ்கி எழுந்த கதைதான். கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக 83 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு 356 வரை இழுத்தார்கள். லாஹ்லியில் ஹரியானாவின் அன்ஷுல் கம்போஜ், பிறகு சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடியவர், 49 ரன் கொடுத்து பத்து விக்கெட்டையும் தானே எடுத்தார். ரஞ்சி வரலாற்றில் அந்தச் சாதனை அதற்கு முன் இரண்டே பேருக்குத்தான் வாய்த்திருந்தது. அப்படிப்பட்ட பந்துவீச்சிலும் 291 ரன் சேர்த்து, முதல் இன்னிங்ஸ் முன்னிலையைக் கேரளம்தான் எடுத்தது. ஜனவரியில் திருவனந்தபுரத்தில் மத்தியப் பிரதேசம் 160, கேரளம் 167. அந்த ஏழு ரன்னுக்கு மூன்று புள்ளி. கடைசி நாளில் 363 எடுக்க வேண்டிய நிலையில் 8 விக்கெட்டுக்கு 268 என்று நின்றபோது நேரம் முடிந்தது. இன்னும் இரண்டு பந்து சரியாக விழுந்திருந்தால் அந்த ஆட்டம் கையைவிட்டுப் போயிருக்கும்.

அதற்கு அடுத்தது பீகாருடன் கடைசி லீக் ஆட்டம். சல்மான் நிசார் 150. ஜலஜ் சக்சேனா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பத்து விக்கெட். பீகார் 64, பிறகு 118. இன்னிங்ஸும் 169 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்து, மொத்தம் 28 புள்ளியுடன் ஹரியானாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். ஏழு, மூன்று, ஒன்று என்று சில்லறையாகச் சேர்த்ததுதான் அந்த 28.

இதைப் புரிந்துகொள்ள எல்லைக் கிராமங்களில் கிரிக்கெட் தெரிய வேண்டாம், பி.எஸ்.சி. எழுதியிருந்தால் போதும். கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் ரேங்க் லிஸ்ட்டுக்கு ஆயுள் உண்டு. பொதுவாகக் குறைந்தது ஒரு வருஷம், கூடினால் மூன்று. போலீஸ் போன்ற சில வேலைகளுக்கு ஒரே வருஷம். பட்டியலில் மேலே இருப்பவர்களுக்குக் கவலையில்லை. அடியில் இருப்பவர்கள்தான் கடைசி மாதங்களில் அலைவார்கள்: எந்த ஆபீசில் யார் ஓய்வு பெறுகிறார், காலியிடத்தை மேலே தெரிவித்தார்களா, இன்னும் எத்தனை பேருக்கு அட்வைஸ் மெமோ போகும். 2021இல் லாஸ்ட் கிரேடு பட்டியலில் இருந்தவர்களும், 2024இல் சிவில் போலீஸ் ஆபீசர் பட்டியலில் இருந்தவர்களும் திருவனந்தபுரம் செக்ரடேரியட் வாசலில் வெயிலில் உட்கார்ந்து போராடியது இந்தக் கடைசி மாதக் கணக்குக்காகத்தான். தேர்வில் தோற்றவர்கள் அல்ல அவர்கள். வேலை கிடைத்தவர்களும் அல்ல. நடுவில் நிற்பவர்கள்.

நடுவில் நிற்பது இந்த ஊர்களுக்குப் புதிதும் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. ஒட்டிக் கிடந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் ஒரு கால், இஞ்சிவிளையில் ஒரு கால் என்று குடும்பங்கள் அமைந்துபோயின. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டில் சண்டை தமிழில். திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் ரஞ்சி ஆடிவந்த அணிக்கு 'கேரளம்' என்று பெயர் மாறியதும் அதே மாநிலச் சீரமைப்பால்தான். 1957-58இல் அந்தப் பெயரில் ஆடத் தொடங்கிய அணி, இறுதி ஆட்டத்தை எட்ட 2025 ஆனது. இரண்டு மாநிலத்துக்கும் கைதட்டிப் பழகிய ரசிகர்களுக்கு அந்த வருஷம் ஒரு வசதி: தமிழ்நாடும் காலிறுதிக்கு வந்து, நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்று வெளியேறிவிட்டது. அதன் பிறகு முழு மனதோடு ஒரு பக்கம் நிற்க முடிந்தது. நெய்யாற்றின்கரைக் கடலோரத்துப் புல்லுவிளைக்காரரான சஞ்சு சாம்சன்தான் அணியில் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் இங்கிலாந்துடனான டி20 ஆட்டத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து பட்டு விரல் முறிந்திருந்தது.

காலிறுதி புனேயில், ஜம்மு காஷ்மீருடன். அவர்கள் 280. கேரளம் 9 விக்கெட்டுக்கு 200. இன்னும் 81 வேண்டும்; கையில் இருப்பது ஒரே விக்கெட். சல்மான் நிசாருடன் களத்தில் நின்றவர் வேகப்பந்து வீச்சாளர் பாசில் தம்பி. சல்மான் ஆட்டமிழக்காமல் 112. பாசில் எடுத்தது 15. கிராமத்து டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பதினொன்றாவது ஆளாக இறங்குபவனுக்கு எல்லோரும் சொல்லும் ஒரே புத்திமதி, "நீ டொக்கு வச்சா போதும்டே." அதை இரண்டு தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த 15இன் அருமை தெரியும். கடைசியில் 281. இரண்டாம் இன்னிங்ஸில் 399 எடுக்க வேண்டியிருந்தபோது, ஜெயிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, விழாமல் நின்றார்கள். சல்மான் 162 பந்தில் 44. கூட நின்ற முகமது அசாருதீன் 67. டிரா. ஒரு ரன் மிச்சத்தில் அரையிறுதி.

அரையிறுதி அகமதாபாத்தில், குஜராத்துடன். அசாருதீன் ஆட்டமிழக்காமல் 177, கேரளம் 457. அதை எடுக்க 187 ஓவர் ஆனது. பதிலுக்கு குஜராத் நான்காம் நாள் மாலை 7 விக்கெட்டுக்கு 429. பிப்ரவரி 21 காலை, ஆதித்ய சர்வதே இரண்டு விக்கெட் எடுக்க, கடைசி ஜோடி நிற்கிறது. 455 ஆகிவிட்டது. இன்னும் மூன்று ரன் என்றால் குஜராத் இறுதி ஆட்டத்தில். அர்ஜான் நாக்வாஸ்வாலா பந்தை ஓங்கி அடிக்கிறார். பந்து, மட்டைக்குப் பக்கத்தில் ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் மோதி மேலே எழும்பி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கையில் வந்து விழுகிறது. 2017 வரை இருந்த விதிப்படி ஃபீல்டரின் ஹெல்மெட்டில் பட்ட பந்தைப் பிடித்தால் அவுட் கிடையாது. அந்த வருஷம் விதியை மாற்றினார்கள். எட்டு வருஷம் முன்னால் என்றால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். இப்போது அவுட்; இரண்டு ரன் மிச்சத்தில் கேரளம் இறுதி ஆட்டத்தில். அடி வாங்கிய சல்மானை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோனார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது சுலபம். அதிர்ஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பந்து வந்து மோத அங்கே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. ஓங்கி அடிக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று அடி தள்ளிக் குனிந்து நிற்கும் வேலையை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. புனேயில் 162 பந்து நின்ற அதே மனிதர்தான் அங்கும் நின்றார்.

எதிர்வாதமும் உண்டு, அதையும் கேட்க வேண்டும். 187 ஓவர் கட்டை போடுவது கிரிக்கெட்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். முதல் இன்னிங்ஸ் முன்னிலை என்ற விதியே அணிகளைக் கோழையாக்குகிறது, முந்திய பிறகு ஜெயிக்கும் ஆசையே விட்டுப்போகிறது என்பது ரஞ்சியைப் பற்றிய பழைய குறை. வாழ்க்கையிலும் இது நடக்கிறது. விழாமல் நின்று பழகியவன் ஒரு கட்டத்தில் நடக்கவே மறந்துபோகிறான். போதும் போதும் என்று எல்லை கட்டிக்கொண்டு, மகனையும் அதற்குள்ளேயே நிறுத்துகிறான். அமெரிக்க பேஸ்பாலில் இந்த நடு வழியே கிடையாது. யாராவது ஜெயிக்கும்வரை ஆடித்தான் ஆக வேண்டும். 2011இல் அங்கே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி ஆகஸ்ட் இறுதியில் பத்தரை ஆட்டம் பின்தங்கிக் கிடந்து, செப்டம்பர் 28ஆம் தேதி, லீக்கின் கடைசி நாளில் அட்லாண்டாவைத் தாண்டி பிளேஆஃபுக்குள் நுழைந்து, உலகத் தொடரையும் வென்றது. அங்கே டொக்கு வைத்துக் கரையேற வழியில்லை. ஓட்டத்தை நிறுத்தாத அணிக்குத்தான் இடம்.

ஆனால் கேரளம் ஆடியதைப் பயத்தின் ஆட்டம் என்று சொல்லிவிட முடியாது. 2017-18இல் இதே அணி காலிறுதியில் விதர்பாவிடம் 412 ரன்னில் தோற்றது. 2018-19 அரையிறுதியில், வயநாடு கிருஷ்ணகிரியில், அதே விதர்பாவிடம் 106க்கும் 91க்கும் சுருண்டு இரண்டே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. அடித்து ஆடப் பார்த்து நொறுங்கியதும் இவர்கள்தான், நொறுங்காமல் இருக்கக் கற்றதும் இவர்கள்தான். பயந்தவன் ஆட்டத்தைத் தவிர்க்கப் பார்ப்பான். புனேயில் நின்றவர்கள் மறுநாளும் ஆட வேண்டும் என்பதற்காக நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஸ்கோர் போர்டில் வித்தியாசம் ஏறாது. வேலை போகாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு இருப்பவனும், பிள்ளைகளின் படிப்பு முடியும்வரை அதே வேலையில் பொறுத்திருப்பவனும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இறுதி ஆட்டம் பிப்ரவரி 26ஆம் தேதி நாக்பூரில் தொடங்கியது. எதிரில் மீண்டும் விதர்பா. டானிஷ் மாலேவர் 153, விதர்பா 379. கேரளத்தில் சர்வதே 79 எடுத்தார். அவர் நாக்பூர்க்காரர், பல வருஷம் விதர்பாவுக்கே ஆடிவிட்டு அந்தப் பருவத்தில்தான் கேரளத்துக்கு வந்தவர். சொந்த ஊர் மைதானத்தில் சொந்த ஊர் அணிக்கு எதிராக நின்று ஆடியதன் சங்கடம் களியக்காவிளைப் பக்கம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சச்சின் பேபி 98இல் இருந்தபோது பெரிய ஷாட்டுக்குப் போய் அவுட் ஆனார். அதற்குப் பிறகு முன்னிலை கைக்கு எட்டவில்லை. 342. இரண்டாம் இன்னிங்ஸில் கருண் நாயர் 135 அடிக்க, மார்ச் 2ஆம் தேதி ஆட்டம் டிரா. 37 ரன் முன்னிலையில் கோப்பை விதர்பாவுக்கு.

அந்த ஷாட்டைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. பொறுத்திருக்க வேண்டிய இடத்தில் அவசரப்பட்டார் என்பது ஒன்று. பருவம் முழுக்கப் பொறுத்திருந்தவருக்கு ஒரு முறை அடிக்கத் தோன்றக்கூடாதா என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லும் புள்ளிவிவரம் கிடையாது.

மீதி இருப்பது இதுதான்: அந்தப் பருவத்தில் கேரளம் ஆடியது பத்து ஆட்டம். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கோப்பையும் இல்லை. ஒரு ரன்னிலும் இரண்டு ரன்னிலும் தூக்கிவிட்ட அதே விதி, கடைசியில் 37 ரன்னில் இறக்கிவிட்டது. மேலே போனபோது நியாயமாகத் தெரிந்த விதியைக் கீழே வந்தபோது மட்டும் பழிக்க அந்த அணியில் யாருக்கும் உரிமை இல்லை. தாக்குப்பிடிப்பதை வெற்றிக் கணக்கில் எழுதினால், நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தவன் வரும்போது அந்தக் கணக்கையே ஒத்துக்கொள்ள வேண்டிவருகிறது.

2025 அக்டோபரில் அடுத்த பருவம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் தொடங்கியது. ஒன்பது பருவம் கேரளத்துக்கு ஆடிய ஜலஜ் சக்சேனா இப்போது எதிரில், மகாராஷ்டிர அணியில். மகாராஷ்டிரம் ஒரு ரன்கூட எடுக்குமுன் மூன்று விக்கெட்டை இழந்து, 18 ரன்னுக்கு 5 என்று கிடந்தது. ருதுராஜ் கெய்க்வாட் 91, ஜலஜ் 49. எப்படியோ 239 வரை இழுத்துவிட்டார்கள். கேரளம் 219. ஆட்டம் டிரா, மூன்று புள்ளி மகாராஷ்டிரத்துக்கு, ஒன்று கேரளத்துக்கு. பிரிவில் இன்னும் ஆறு ஆட்டம் மீதி இருந்தது.