வழிவிடுதல் என்னும் அறம்

நடந்து செல்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும்போது யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்வி, சாலைப் பொறியாளரின் அளவுகோலால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. விரைவும் வலிமையும் உடையவர் அவை இல்லாதவருக்கு எந்த அளவு கடமைப்பட்டவர் என்ற அறக்கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. மோட்டார் வாகனங்களை விலக்கி, நடப்போருக்கும் மிதிவண்டியாளருக்கும் பொதுவாக ஒதுக்கப்படும் வழியைப் பகிர்வுப் பாதை எனலாம். இத்தகைய பாதைகளைப் பற்றிய சிந்தனைக்குச் செட்டிநாட்டில் வளமான மூலங்கள் உள்ளன. ஏனெனில், இங்கு நடத்தல் நெடுங்காலமாக ஒரு வழிபாடாகவே இருந்து வருகிறது.

தைப்பூசத்தை ஒட்டி, செட்டிநாட்டின் வணிகச் சமூகத்தாரான நகரத்தாரின் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குச் செல்கின்றன. நான்கு நூற்றாண்டுப் பழமை உடையதாக மரபு போற்றும் இப்பயணத்தில் ஒருவழித் தொலைவே 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பிற சமூகத்தாரும் பிற மாவட்டத்தாரும் திரளாக நடக்கும் அந்நாட்களில், பேருந்துக்கும் லாரிக்கும் இரு சக்கர வாகனத்துக்கும் உரியதாகிவிட்ட நெடுஞ்சாலையின் ஓரமே அவர்களுக்கு வாய்க்கிறது. இரவில் நடப்போரின் முதுகுப் பைகளில் ஒளிரும் வில்லைகளை ஒட்ட வேண்டிய நிலையும் அதனால்தான் ஏற்படுகிறது.

பழனியை அடைவது மட்டுமே நோக்கமாயின் இத்தனை துன்பம் எதற்கு என்று கேட்கலாம். காவடி எடுத்துச் சென்ற நகரத்தார், தரிசனம் முடிந்த பின்பும் நடந்தே ஊர் திரும்பும் வழக்கம் உடையவர்கள் என்பதே அக்கேள்விக்கு விடையாகிறது. சைவ சித்தாந்தம் இறைவனை அடையும் நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுக்கிறது. அவற்றுள் சரியை என்பது திருக்கோயிலை அலகிடுதல், மலர் தொடுத்தல், வலம்வருதல் போன்று உடலுழைப்பால் ஆற்றும் தொண்டாகும். நடந்து செல்லும் அடியவரின் கால்களும் அந்தத் தொண்டையே செய்கின்றன என்று கொண்டால், வழியும் வழிபாட்டுக்குரிய இடமாகிறது. அங்கே நடப்பவரை அச்சுறுத்தி விலகச் செய்வது, சந்நிதியில் நிற்பவரை இடித்துத் தள்ளுவதற்கு ஒப்பான குற்றமாகிறது.

எனினும், இதிலிருந்து மிதிவண்டியைத் தாழ்வாகக் கருதும் முடிவுக்கு வருவது தவறாகும். செட்டிநாட்டை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தறிவுடன் மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் சிற்றூர்ப் பெண்களிடம் கொண்டு சென்றது. கணவரையோ பேருந்தையோ எதிர்பாராமல் தாமே சென்றுவரும் உரிமையை அவர்களுக்குத் தந்த வண்டி அது. புனிதப் பயண மரபுகளிலும் அதற்கு இடமுண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரில் உள்ள யாக்கோபுத் திருத்தலம், நடந்து வருவோர் இறுதி 100 கிலோமீட்டரையும் மிதிவண்டியில் வருவோர் இறுதி 200 கிலோமீட்டரையும் கடந்திருந்தால் பயணச் சான்று வழங்குகிறது. இருவரும் பயணிகளே என்று ஏற்கும் அவ்விதி, அவரவர்க்குக் கிடைத்த வசதிக்கேற்பக் கடமையின் அளவை வேறுபடுத்துகிறது.

அந்தக் கடமை வழியில் எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்பதைச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் ஒரு நிகழ்ச்சி தெளிவுபடுத்துகிறது. முத்துச்சிவிகையில் திருப்பூந்துருத்தியை நெருங்கிய திருஞானசம்பந்தரை எதிர்கொள்ளச் சென்ற, அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர், கூட்டத்தினுள் மறைந்து, சிவிகை தாங்குவோருள் ஒருவராகத் தோள்கொடுத்து நடந்தார். அப்பர் எங்குள்ளார் என்று சம்பந்தர் வினவ, சிவிகையைத் தாங்கும் பேறு பெற்று அதன் கீழே இருப்பதாக விடை வந்தது. அதைக் கேட்ட சம்பந்தர் பதைத்து உடனே இறங்கி வணங்க முற்பட்டார். அதற்கு முன்பே அப்பர் அவரை வணங்கினார். சிவிகையில் வருவது சம்பந்தருக்குக் குற்றமன்று, அது இறையருளால் கிடைத்ததே. ஆயினும் நடப்பவர் இன்னார் என்று அறிந்த கணமே ஊர்ந்து வருபவர் இறங்குகிறார் என்பதும், இருவருள் யாரும் தமக்குரிய மதிப்பை முதலில் கோரவில்லை என்பதும் கருதத்தக்கவை. அப்பரைப் போன்ற பெரியவராக அறியப்பட்டவருக்கு மட்டும் இறங்குவது எளிது. முன்னே நடக்கும் அறியாத ஒருவரும் அத்தகையவராக இருக்கக்கூடும் என்று எண்ணி வேகத்தைக் குறைப்பதே அந்நிகழ்ச்சி காட்டும் அறத்தின் விரிவாகும்.

சமண அறம் இதே பொறுப்பை இன்னும் நுண்மையாக வகுக்கிறது. சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகளை இன்றும் காட்டும் சித்தன்னவாசல் செட்டிநாட்டுக்குத் தொலைவில் இல்லை. அம்முனிவர் மேற்கொள்ளும் ஒழுக்கங்களுள் ஈர்யா சமிதி என்பது, ஏறத்தாழ நான்கு முழத் தூரம் முன்னே நிலத்தை நோக்கி, எவ்வுயிரும் மிதிபடாதவாறு அடியெடுத்து வைப்பதாகும். ஊறு செய்யக்கூடியவரே முதலில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தமும், மிகுந்த தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே மிகுந்த பொறுப்பு என்று வரிசைப்படுத்தி, பகிர்வுப் பாதைகளில் மிதிவண்டியாளர் நடப்போருக்கு வழிவிட வேண்டும் என்கிறது.

அறவுணர்வு இருந்தால் அகலம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியுள்ளது. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறையாகும். தைப்பூசக் காலம் போலக் கூட்டம் பெருகும் நாட்களில் பகிர்வு இயலாது. அப்போது நடப்போருக்கே பாதையை விட்டுவிட வேண்டும். கூட்டம் குறைந்த நாட்களில், தெருவுக்குத் தெரு நேர்கோட்டில் அமைந்த கானாடுகாத்தான் போன்ற ஊர்களிலும், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய, நகரத்தாருக்குரிய ஒன்பது நகரக் கோயில்களை இணைக்கும் வழிகளிலும் பகிர்வு இயல்பாகவே கூடும்.

வழிநடைப் பயணிகளுக்காகச் சத்திரங்களையும் விடுதிகளையும் காசி, இராமேசுவரம் வரை கட்டிய நகரத்தார் சமூகத்தின் மண் இது. அந்த அறக்கொடையின் தொடர்ச்சியாக, நிழல் மரமும் குடிநீரும் போதிய அகலமும் உடைய பொதுப்பாதை ஒன்றை அந்த ஒன்பது கோயில்களுக்கிடையே அமைப்பது அரசும் அறக்கட்டளைகளும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும். அப்பாதையின் முதல் விதியாக, விரைந்து வருபவரே வேகம் குறைத்து, தேவைப்பட்டால் இறங்கி வழிவிட வேண்டும் என்பதை எழுதி வைப்பது செட்டிநாட்டின் சமய மரபுக்கு முற்றிலும் பொருந்தும்.