தோல் உள்ளே... தந்தவர் வெளியே!

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக ஊர்கள். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற வட்டாரம் இது. தோல் தொழிற்சாலைகளை பஸ் நெருங்கியதும் வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களோ சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். ஒரே வாடை தொடர்ந்து வந்தால், மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது.

மூக்கு பழகிவிடும், சரி, மனசு?

1980-களில், அமெரிக்க உளவியல் அறிஞர் பால் ரோஸினும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். கிருமி நீக்கிய கரப்பான்பூச்சியைப் பழரசத்தில் முக்கி எடுத்தபின், அந்தப் பழரசத்தைக் கொடுத்தார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்தும் பலருக்கு அதைக் குடிக்க மனம் வரவில்லை. 'ஒட்டினால் ஒட்டியதுதான்' என்று மனம் போடும் கணக்கு இது.

அருவருப்பு மனித குணம்தான். ஆனால், எதைக் கண்டு முகம் சுளிப்பது என்பதை வீடும் ஊரும் கற்றுத் தருகின்றன. தவழும் குழந்தை செருப்பையும் வாயில் வைக்கும். நாம் 'சீ!' என்று சொல்லித்தான் விலகக் கற்றுக்கொள்கிறது. அந்தச் 'சீ' செருப்போடு நின்றால் பரவாயில்லை. அதைத் தைத்தவர் மீதும், தோலைப் பதனிட்டவர் மீதும் தாவுகிறதே, அங்கேதான் பாவம் தொடங்குகிறது!

செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிறோம். உள்ளே தவில் முழங்குகிறது. அதன் முகமும் தோல்தானே? பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் சேர்ந்ததுதான் மிருதங்கத்தின் நாதம். அப்படியென்றால், நம் மனம் ஒதுக்குவது தோலையா, மனிதரையா?

இந்தக் கேள்விக்குப் பெரிய புராணத்திலேயே பதில் இருக்கிறது. சிவாலயங்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் ஆதனூர் நந்தனார் என்கிறார் சேக்கிழார். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது. அவர் மட்டும் வெளியே நின்றார். திருப்புன்கூரில் அவருக்காக நந்தியையே விலகச் செய்தார் இறைவன். நந்தி விலகிவிட்டது... நாம்?

1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்தது. மனக்கதவைச் சட்டம் திறக்க முடியாது அல்லவா?

நீக்க வேண்டிய அசுத்தம் ஒன்று உண்மையிலேயே உண்டு. அது பாலாற்றில் கலந்த தோல் கழிவு. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு விலை தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றைக் கெடுத்த அழுக்கை மறந்துவிட்டு, தொட்டியில் இறங்கி உழைப்பவரின் கையில் தீட்டைத் தேடுவது என்ன நியாயம்?

அடுத்த முறை தரிசன வரிசையில் நிற்கும்போது கவனியுங்கள். பக்கத்தில் நிற்பவரின் தொழில் தெரிந்ததும் நம் கால் தானாக ஓரடி நகர்கிறதா? அல்லது நம்மைப் பார்த்ததும் அவர் ஒதுங்குகிறாரா? 'நான் இன்னார், என் இடம் இதுதான்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, இருவரையும் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அது பிறவிக் குணம் அல்ல. பழகியதை மாற்றிப் பழகவும் நம்மால் முடியும். அந்த ஓரடியை நெருங்கி நின்று தரிசியுங்கள். நந்தனாருக்கு நாம் செய்யும் பூஜை அதுதான்!