மந்திரவாதி வேடமும் நற்கருணையும்



சாம்பல்தீவிலிருந்து ஓர் இளைஞர் நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். விடயத்தை எழுதலாமென்று இசைவு தந்திருக்கிறார். அவரும் நண்பர்கள் மூவரும் ஞாயிறு பிற்பகல்களில் ஒரு வீட்டு விறாந்தையில் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றை விளையாடுகிறார்களாம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் ஒருவர் அதற்குரிய புத்தகத்தையும் இருபது முகம் கொண்ட தாயக்கட்டைகளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரவில் கைத்தொலைபேசியில் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டு. மேசையில் அவர் ஏற்றிருப்பது மந்திரவாதி வேடம். இது முதலாம் கட்டளைக்கு விரோதமான சாவான பாவம் என்று யாரோ தாயாருக்குச் சொல்ல, தாயார் அழுது தாயக்கட்டைகளை ஒளித்துவைக்க, மகன் இப்போது ஏழு ஞாயிறாக நற்கருணை வாங்குவதில்லை. பூசைக்குப் போகிறார், மற்றவர்கள் வரிசையில் போகும்போது வாங்கிலேயே இருந்துவிடுகிறார். தாயாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏழு ஞாயிறு சின்ன விடயமன்று. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் மறுமொழியை இப்பக்கத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் இந்த விளையாட்டு என்னவென்று அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டதே இவ்வினத்தில் முதலாவது. ட்ராகன் என்பது வேறொன்றுமில்லை, நமது திருவெளிப்பாட்டு நூலில் வரும் அரக்கப் பாம்புதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் போர்வீரன், கள்வன், மந்திரவாதி, குரு என ஆளுக்கொரு பாத்திரமாவார்கள். (ஆம், குருவும் உண்டு, காயப்பட்டவர்களைக் குணமாக்குவது அவர் பணி.) பாத்திரத்தின் பலம், அறிவு, விவேகம் முதலிய ஆறு ஆற்றல்களும் எண்களாகக் காகிதத்தில் எழுதப்படும். "நான் கதவை உடைக்கிறேன்" என்பார் ஒருவர்; உடைந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். காய் நகர்த்தும் பலகைகூட அவசியமில்லை, பேச்சே விளையாட்டு. ஒருவகையில் பார்த்தால் அண்ணாவியாரும் ஏடும் இல்லாத கூத்து.

இனி, மந்திரம். மந்திரவாதத்தையும் குறி கேட்பதையும் திருச்சபை கண்டிக்கிறது என்பது உண்மை. மறைவான சக்திகளைத் தன் கைக்குள் கொண்டுவந்து பிறர்மீது ஏவ மனிதன் முயல்வது, கடவுளுக்கு மட்டுமே உரிய நம்பிக்கையை வேறிடத்தில் வைப்பதாகும். ஆனால் சாம்பல்தீவு விறாந்தையில் யாரும் எந்தச் சக்தியையும் அழைக்கவில்லை. ஒரு இளைஞர் "நெருப்பை ஏவுகிறேன்" என்கிறார், கட்டை உருள்கிறது, கதையில் வரும் பூதம் சாகிறது, தேநீர் வருகிறது. 1980களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடமும் தற்கொலையிடமும் இழுத்துச் செல்கிறதென்று பெரும் பயம் எழுந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் 1983இல் அதற்கெதிராக ஓர் இயக்கமே தொடங்கினார். அந்தத் தாயின் துயரத்தை யாரும் சிறிதாக எண்ண முடியாது. ஆயினும் பின்னர் ஆராய்ந்தவர்கள் விளையாட்டுத்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் காணவில்லை. மேலும், இவ்விளையாட்டின் குள்ளர்களும் வனதேவர்களும் பெரும்பாலும் யாருடைய கதைகளிலிருந்து வந்தவர்கள்? ஜே. ஆர். ஆர். டோல்கினுடைய கதைகளிலிருந்து. சிறுவயதிலே தாயை இழந்து, ஒரு கத்தோலிக்கக் குருவின் பராமரிப்பில் வளர்ந்து, கடைசிவரை கத்தோலிக்கராக வாழ்ந்தவர் அவர். படைத்தவரின் சாயலில் படைக்கப்பட்ட மனிதன் தானும் சிறு உலகங்களைக் கற்பித்துப் பார்ப்பது அவனுடைய உரிமை என்பது அவர் கருத்து. நம் பழைய ஞானோபதேசத்தில் கட்டளைக்கும் 'கற்பனை' என்றே பெயர். முதலாம் கற்பனைக்கு மற்றக் கற்பனை எப்போதும் பகையன்று.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. தாயக்கட்டைக்கு நடுங்கும் அதே வீட்டில், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் நூல் ஓதிக் கட்டுவிக்கவும், களவுபோன நகைக்குக் குறி கேட்கவும் ஆள் தேடுவதில்லையா? முதலாம் கட்டளையைக் குறித்துக் கவலைப்படுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கினால் நன்று.

வேடம் ஏற்பதே பொய்யல்லவா என்றும் சிலர் கேட்பார்கள். நமது ஊர்களில் பெரிய வாரத்தில் திருப்பாடுகளின் காட்சி நடக்கிறது. யூதாசாக வருகிறவர் முப்பது வெள்ளிக்காசை எண்ணி வாங்குகிறார், கெத்சமனியில் முத்தமிடுகிறார். மறுநாள் அவரைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்படி எந்தப் பங்குக்குருவும் சொல்வதில்லை. விளையாட்டு மனத்தின் இளைப்பாற்றி, அதற்கும் ஒரு நற்பண்பு உண்டு என்று எழுதிய புனித தோமஸ் அக்குவினாஸ், நடிகர்களின் தொழிலும் தன்னில் பாவமானதன்று என்கிறார். நற்செய்தியில் ஆண்டவர் கடிந்துகொள்ளும் 'வெளிவேடக்காரர்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் நடிகன் என்றே பொருள் என்பது மெய்தான். ஆனால் அவர் கடிந்தது மேடையில் வேடம் போட்டவனையன்று, செபக்கூடத்திலும் தெருமுனையிலும் வேடம் போட்டவனை.

எனினும், வேடத்துக்குள் நடப்பதெல்லாம் கணக்கில் வராது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. யூதாசாக நடிப்பவருக்கு வசனம் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விளையாட்டிலோ ஒவ்வொரு தருணத்திலும் தெரிவு செய்கிறவர் விளையாடுகிறவரே. பாத்திரம் நல்லவனா, தீயவனா, ஒழுங்கை மதிப்பவனா, குழப்பக்காரனா என்று ஒன்பது கட்டங்களில் ஒன்றைத் தெரிந்து எழுதும் வழக்கமும் இதில் உண்டு. தீயவன் என்று எழுதுவது பாவமன்று. ஆனால் பலவீனனை வதைக்கும் காட்சியையே வாரந்தோறும் நாடி, வீட்டுக்கு வந்தபின்னும் அதை மென்றுகொண்டிருந்தால், அங்கே மகிழ்வது பாத்திரமா, பாத்திரத்துக்குச் சொந்தக்காரரா?

இதற்கு ஓர் அளவுகோலை லொயோலா இஞ்ஞாசியார் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். 1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் முறிந்து கிடந்தபோது, ஓர் உயர்குலப் பெண்மணிக்காகத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களை மணித்தியாலக் கணக்கில் கற்பனை செய்துகொண்டு கிடந்தார். இன்றைய பிள்ளைகள் செய்வதைத்தான் அவரும் கட்டை இல்லாமல் செய்தார். பிறகு புனிதர்களின் வரலாறுகளைப் படித்து, தாமும் அவர்களைப்போல் நடப்பதாகக் கற்பனை செய்தார். இரண்டும் இனித்தன. ஆனால் முதலாவது முடிந்தபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது முடிந்தபின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. தம்பி, மேசையை விட்டு எழுந்தபின் உமது மனம் எப்படி இருக்கிறது என்று கவனித்துப் பாரும். அதை உம்மைவிட வேறு யாரும் அறியமாட்டார்கள்.

கைத்தொலைபேசி விளையாட்டு கொஞ்சம் வேறு. கூத்து விடியலில் மங்களத்தோடு முடிந்துவிடும். ஒப்பனையைக் கழுவிவிட்டு அரசனாக ஆடியவரும் தொழிலுக்குப் போவார். இணையத்து விளையாட்டில் நாம் நித்திரைக்குப் போனாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. போகாமல் இருக்கும்படி அழைத்துக்கொண்டும் இருக்கிறது. வேலை, படிப்பு, உறவு யாவும் கெட்டும் நிறுத்த முடியாமல் போகும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இதைப் பெற்றோர் கவனிக்கவேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நோர்வே நாட்டில் மட்ஸ் ஸ்டீன் என்றொரு இளைஞர் இருந்தார். தசைகள் வலுவிழந்துபோகும் பரம்பரை நோய் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. கடைசி ஆண்டுகளில் பெரும்பாலான நேரத்தை 'வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட்' என்னும் கற்பனை உலகில், இபெலின் என்ற பிரபுவின் வேடத்தில் கழித்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014 நவம்பரில், 25 வயதில் அவர் இறந்தபோது, அச்செய்தியை மகனுடைய இணையப் பக்கத்தில் எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளிலிருந்து, பெற்றோர் ஒருநாளும் கேள்விப்பட்டிராத மனிதர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. தம் துயரத்தைக் கேட்டவர், புத்தி சொன்னவர், ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையில் பேச்சு வரச் செய்தவர் என்று. சிலர் கடல் கடந்து அடக்கச் சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். நெதர்லாந்தில் ஒரு சிறுமியின் பெற்றோர் அவளுடைய கணினியை நிறுத்தியபோது, அவர்களுக்கு மிகுந்த மரியாதையோடு ஒரு கடிதம் எழுதியனுப்பியவரும் இவரே. கண்ணால் ஒருபோதும் கண்டிராத சிநேகிதிக்காக! பிரபு பொய், அவர் காட்டிய அன்பு பொய்யன்று.

சாம்பல்தீவுத் தம்பி, இதை நான் இவ்வளவு விரித்து எழுதியதற்குக் காரணம் உமது கடிதத்தின் கடைசிப் பக்கம். மந்திரவாதியைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, போகிறபோக்கில் இரண்டு வரியில், 'றூன்ஸ்கேப்' விளையாட்டில் மூதூர் நண்பர் ஒருவர் நம்பித் தந்த கடவுச்சொல்லைக்கொண்டு அவருடைய கணக்கில் புகுந்து, அவர் பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த பொன்னை உமது பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டதாகவும், அவர் அதை இன்னும் அறியவில்லை என்றும், அதுவும் விளையாட்டுக்குள் நடந்ததுதானே என்றும் எழுதியிருக்கிறீர். அதே விளையாட்டில் நடந்த ஒன்றைக் கேளும். 2007இல் நெதர்லாந்தில் இரண்டு பையன்கள் 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக் கத்தியைக் காட்டி மிரட்டி, விளையாட்டுக்குள் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்களுக்கு மாற்றுவித்துக்கொண்டார்கள். அவை பொருளே அல்ல, வெறும் ஒளிப்புள்ளிகள் என்று வழக்காடிப் பார்த்தார்கள். 2012 ஜனவரியில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதைக் களவு என்றே தீர்த்தது. அந்தச் சிறுவன் செலவிட்ட நேரமும் உழைப்பும் அவற்றுக்குப் பெறுமதி கொடுத்தன என்பது நீதிபதிகளின் நியாயம். நீர் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் கதையில் வரும் பூதத்தின் பொன்னை உமது கள்வன் எடுப்பது ஒன்று. மூதூரில் உயிரோடு இருக்கும் ஒருவர் உம்மை நம்பித் தந்த சாவியால் அவருடைய பெட்டியைத் திறப்பது வேறு. அங்கே கிடைக்கும் சிநேகம் மெய் என்றால், அங்கே செய்யும் களவும் மெய்தான்.

மந்திரவாதியைக் குறித்து நீர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எதுவும் இல்லை. அம்மா, தாயக்கட்டைகளைத் தயவுசெய்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தம்பி, மூதூர் நண்பரோடு இந்த வாரமே பேசும். பொன்னைத் திருப்பி மாற்றும்; செலவாகிவிட்டதென்றால் எவ்வளவு என்று சொல்லி, எப்படி ஈடுசெய்வதென்று அவரிடமே கேளும். பிறகு சனிக்கிழமை மாலை உமது பங்குக்குருவிடம் போம். அவருக்கு விளையாட்டின் விதிகளை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நண்பருடையதை எடுத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அவருக்கு விளங்கும்.