நூறு மீட்டர் மிச்சம்

கினாபாலு ஏறுவதற்காக, பயிற்சி என்ற பெயரில் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் நண்பன் ஒரு காணொளி அனுப்பினான். கிலியன் ஜோர்னெட் என்ற ஸ்பெயின் நாட்டு மலைவீரரைப் பற்றியது. 2024 ஆகஸ்டில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த 82 சிகரங்களை 19 நாட்களில் ஏறி முடித்திருக்கிறார். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் காரில் போகவில்லை. சைக்கிள், இல்லையென்றால் நடை. பனிக்காலம் வந்தால் ஸ்கீ கட்டிக்கொண்டு மலையேறும் போட்டிகளில் இறங்குவார். அதிலும் உலக சாம்பியன் பட்டம் வென்றவர். "இவனெல்லாம் மனுஷனா லா?" என்று நண்பன் கீழே எழுதியிருந்தான்.

எனக்கு ஆச்சரியத்தைவிட ஒரு கேள்விதான் வந்தது. ஏறவும், சறுக்கவும், மிதிக்கவும் தெரிந்த ஒருவருக்கு உடம்பு சுலபத்தில் 'போதும்' என்று சொல்லாது. அப்படியென்றால் இவர்கள் எதை வைத்து நிறுத்துகிறார்கள்? கினாபாலுவில் எனக்கு அந்தக் கவலை இல்லை. விடியற்காலை 5 மணிக்குள் சாயாட்-சாயாட் சாவடியைத் தாண்டவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிவை வேறு யாரோ எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். சாவடியே இல்லாத மலையில்?

இதைத் தேடிப் போனபோதுதான் யோரான் க்ரோப் கிடைத்தார். ஸ்வீடன்காரர். 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். போகவேண்டிய இடம் எவரெஸ்ட். நூறு கிலோவுக்கு மேற்பட்ட சாமான்களை இழுத்துக்கொண்டு, ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர் மிதித்து நேபாளம் போய்ச் சேர்ந்தார். ஆக்சிஜன் உருளை இல்லை, சுமை தூக்க ஷெர்பாக்கள் இல்லை. தன் மூட்டையைத் தானே சுமந்து, தன் காலாலேயே ஏறவேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட விதி.

1996 மே 3ஆம் தேதி, உச்சிக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே நின்றார். மதியம் இரண்டு மணி. இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் உச்சி. ஆனால் ஏறினால், இருட்டுவதற்குள் பத்திரமாக இறங்கும் தெம்பு மிஞ்சாது என்று கணக்குப் போட்டார். திரும்பிவிட்டார்.

ஆறு மாத உழைப்பு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நூறு மீட்டர் என்றால் நம் ஊரில் கடைக்குப் போகும் தூரம்.

ஒரு வாரம் கழித்து, மே 10ஆம் தேதி, எவரெஸ்டில் புயல் அடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால். க்ரோப் திரும்பியதைக் கேட்டு, அது எவ்வளவு நிதானமான முடிவு என்று முகாமில் பாராட்டியவரும் அவர்தான் என்று ஜான் கிராக்கவர் எழுதியிருக்கிறார். ஹாலோடு இறந்த டக் ஹான்சன் ஒரு தபால் ஊழியர். அதற்கு முந்தைய ஆண்டு, 1995இல், உச்சிக்குப் பக்கத்தில் வைத்து அவரை ஹாலே திருப்பி அழைத்து வந்திருந்தார். அந்த மிச்ச தூரத்தை ஹான்சன் ஒரு வருடம் சுமந்துகொண்டே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். மே 10 அன்று அவர் உச்சியைத் தொட்டபோது மாலை நான்கைத் தாண்டியிருந்தது.

க்ரோப் மே 23 அன்று மீண்டும் ஏறி உச்சியைத் தொட்டார். பிறகு சைக்கிளில் ஊர் திரும்பக் கிளம்பினார்.

இந்தக் கதையை இப்படியே சொல்லி முடித்தால் நல்ல தன்முனைப்புப் பேச்சு ஆகிவிடும். 'பார்த்தீர்களா, பொறுத்தவர் பிழைத்தார்.' எனக்கு இடிப்பது அங்கேதான். க்ரோப்பின் முடிவு சரி என்று நமக்குக் காட்டியது புயல். அந்தப் புயலும் அவர் திரும்பிய நாளில் வரவில்லை. ஒரு வாரம் கழித்துதான் வந்தது. வராமலே போயிருந்தால்? ஹாலும் ஹான்சனும் நிலா வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி இறங்கியிருந்தால், அவர்களை விடாமுயற்சிக்காரர்கள் என்போம். க்ரோப்பை 'அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து நூறு மீட்டரில் விட்டவன்' என்போம்.

தாமஸ் நேகல், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976இல் இதை விவாதித்தார்கள். அறத்திலும் அதிர்ஷ்டம் உண்டா என்பது கேள்வி. ஒரே மாதிரி கவனக்குறைவாக வண்டி ஓட்டும் இரண்டு பேரில், ஒருவன் முன்னால் குழந்தை ஓடி வருகிறது. இன்னொருவன் முன்னால் வரவில்லை. முதலாமவன் ஆயுளுக்கும் குற்றவாளி. இரண்டாமவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான். வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் நுனிக்கொம்பு வரை ஏறி, அதற்கும் மேலே போகப் பார்ப்பவனுக்கு உயிர் போகும் என்று எச்சரிக்கிறார். ஆனால் அதற்கு மேலும் போய்ப் பத்திரமாக இறங்கி வந்தவனை என்ன செய்வது? அவனைப் பற்றி அந்தக் குறளில் எதுவும் இல்லை. நான் அந்த ஆள் என்பதால் கேட்கிறேன்.

மூன்று வருடம் முன்னால் ஒரு கட்டுமான சைட்டில் இருந்தேன். கிரேன் வைத்து கான்கிரீட் பலகைகளைத் தூக்கி வைக்கும் வேலை. காற்று விநாடிக்கு 9 மீட்டரைத் தாண்டினால் நிறுத்தவேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. கடைசிப் பலகையின்போது காற்றுமானி 10, 11 என்று காட்டியது. கிரேன் ஓட்டும் அண்ணன், "தம்பி, காத்து அடிக்குது. கொஞ்சம் பொறுப்போமா?" என்று கேட்டார். கிரேன் நாள் வாடகை. சாலையை நாலு மணி வரைதான் அடைத்து வைக்கலாம். "ஒரு பீஸ்தாண்ணே மிச்சம், தூக்கிடலாம்" என்றேன்.

பலகை அந்தரத்தில் திரும்பியது. கீழே கயிற்றைப் பிடித்திருந்த வங்காளதேசத்துத் தொழிலாளி இரண்டு எட்டு இழுபட்டார். பிறகு காலை ஊன்றி நின்றுகொண்டார். பலகை உட்கார்ந்தது. மேலாளர் என் தோளைத் தட்டினார். அன்றைய அறிக்கையில் 'சம்பவம் எதுவும் இல்லை' என்று நானே எழுதினேன்.

பொய் இல்லை. சம்பவம் எதுவும் இல்லைதான். ஆனால் நான் எடுத்த முடிவு, அந்தத் தொழிலாளி நசுங்கியிருந்தால் எந்த முடிவாக இருந்திருக்குமோ, அச்சு அசலாக அதே முடிவு. க்ரோப் தன் உயிரை மட்டும்தான் தராசில் வைத்தார். நான் வைத்தது இன்னொருத்தர் உயிரை. அவரிடம் கேட்கக்கூட இல்லை.

க்ரோப் 2002 செப்டம்பரில் இறந்தார். எவரெஸ்டில் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு சின்னப் பாறைச் சுவரில் ஏறும்போது விழுந்தார். பாறை இடுக்கில் செருகியிருந்த பிடிமானம் பிடுங்கிக்கொண்டது. கயிறு கோத்திருந்த கொக்கி உடைந்தது. நிதானம் காப்பீடு இல்லை. ஆனால் அந்தச் சாவு மே 3ஆம் தேதி முடிவைத் தப்பாக்கிவிடுமா? ஆக்காது என்றால், மே 10ஆம் தேதிப் புயலும் அதைச் சரியாக்கவில்லை. அது மதியம் இரண்டு மணிக்கு, அவருக்குத் தெரிந்ததை வைத்து, அப்போதே சரி.

போன மாதம் வேறொரு சைட்டில் அதே மாதிரி ஒரு மாலை. காற்றுமானி 10 காட்டியது. இரண்டு பலகை மிச்சம். நிறுத்தச் சொன்னேன். அரை மணி நேரத்தில் காற்று அடங்கிவிட்டது. அதற்குள் சாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க ஓர் இலைகூட ஆடவில்லை. மறுநாள் இன்னொரு வாடகை.

"பாத்தியா, காத்தே இல்ல" என்றார் மேலாளர்.

"ஆமா பாஸ்" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கு சாட்சி சொல்ல ஒரு புயலும் வரவில்லை.