கடினம் யார் வைத்தது?

கடந்த ஆவணியில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்து வாசற்படியில் அமர்ந்து மருமகன் கைத்தொலைபேசியில் கொல்ப் விளையாடிக்கொண்டிருந்தான். உண்மையான கொல்ப் திடலை அவன் கண்டதில்லை. மலைகளுக்கு அப்பால் நுவரெலியாவில் 1889 முதல் ஒன்று உண்டு. ஆயினும் அது துரைமாரின் ஆட்டம் என்றே நம்மவர் ஒதுங்கிப்போயினர். அவன் ஆடியது கடின நிலையில். எளிய நிலையில் ஆடும் தன் தங்கையைச் சுட்டி, "அது கள்ள ஆட்டம், மாமா" என்றான்.

அப்படித்தானா? கொல்ப் ஆட்டத்திலேயே 'ஹன்டிகப்' என்றொரு முறை உண்டு. திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக்கொடுப்பர். அதை எவரும் இழிவாக எண்ணுவதில்லை. எளிய நிலையில் ஆடிவிட்டுக் கடின நிலையில் வென்றதாகச் சொன்னாலன்றோ கள்ளம்!

சிறிது நேரம் அவன் ஆட்டத்தைக் கவனித்தேன். தொடங்க ஒரு தட்டு, வேகத்துக்கு ஒரு தட்டு, குறிக்கு ஒரு தட்டு. 1984இல் ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட கொல்ப் விளையாட்டிலும் இதே மூன்று தட்டுகள்தான். குளத்தில் பந்து பலமுறை விழுந்தும் சிரித்தவன், மேட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாதிருந்த மணற்குழியில் ஒருமுறை விழுந்ததும் "அநியாயம்" என்று கொதித்தான். குளம் முன்னமே தெரிந்தது, குழி தெரியவில்லை. கடினத்தையும் வஞ்சனையையும் பிள்ளை பிரித்தறிகிறான் என்பது எனக்கு வியப்பாயிருந்தது.

திடல் அமைப்பதில் பேர்பெற்ற அலிஸ்டர் மெக்கன்சி மருத்துவம் படித்தவர். 1920இல் வெளிவந்த தம் நூலில் அவர் வற்புறுத்திய நெறிகளுள் ஒன்று, பலவீனருக்கு எப்போதும் மாற்றுவழி இருக்கவேண்டும் என்பது. அவர் சுற்றிப்போகலாம், அதனால் ஓர் அடி கூடலாம், ஆனால் வழியே அடைபட்டுப்போகக் கூடாது. இன்று 'த கொல்ப் கிளப்' (2014) போன்ற விளையாட்டுகளில் ஆடுவோரே திடல் அமைக்கலாம். எவராலும் முடிக்கவியலாத திடலை அமைத்துப் பெருமைப்படுவோரும் உளர். எங்கும் நீரை நிரப்புவதற்கு என்ன திறமை வேண்டும்?

மாலையில் தங்கை மலையிலிருந்து வந்தாள். "இன்றைக்கும் அரைப்பேர்தான், அண்ணே" என்றாள். ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. அதே காற்றில் கொழுந்து குறைகிறது. அவள் தோட்டத்திலோ கேட்கும் கிலோ குறைவதில்லை. செங்குத்தான பழைய மலைக்கும், சமதரையான புது மலைக்கும் ஒரே அளவு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள் என்று தொழிலாளர் முறையிட்டதை நாம் அறிவோம்.

மருமகன் கடினத்தைத் தானே தேர்ந்துகொண்டான். சலித்தால் நிறுத்திவிடலாம், தோற்றாலும் சோறு உண்டு. அவன் தாய்க்கு நிலையைத் தேர்ந்தவர் வேறொருவர். கங்காணியிடம் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"சொன்னேன், அண்ணே. எத்தனை கிலோ என்றுதான் கேட்டார். எந்த மலை என்று கேட்கவில்லை."